கூத்துப் பருவம்: நாடக வரிசையை ஊர் வகுக்கும் முறை

பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து ஆவடிச் சாலை பிரியும் கரையான்சாவடி, இன்று மெட்ரோ வழித்தடத்துத் தூண்களின் கீழ் நெரிசல் மிகுந்த ஒரு சந்திப்பாகவே பலருக்கும் அறிமுகமாகிறது என்றாலும், நாடக வரலாற்றின் நோக்கில் அது இருவேறு அரங்க மரபுகளின் எல்லையில் நிற்கும் ஊராகும். கிழக்கே, 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் நிறுவிய சுகுண விலாஸ சபைக்குப் பின் வேரூன்றிய சபா நாடகம் நிலவுகிறது. மேற்கே திருப்பெரும்புதூர், காஞ்சிபுரம், செய்யாறு எனத் தொடரும் கூத்து நாடு விரிகிறது. சபாவில் எந்த நாடகம் மேடையேற வேண்டும் என்பதைக் குழுவும் நிர்வாகமும் முடிவு செய்ய, பார்வையாளர் சந்தா கட்டியோ டிக்கெட் எடுத்தோ வருகிறார். கூத்திலோ பணம் திரட்டுவதும், நாள் குறிப்பதும், நாடகத்தைச் சொல்வதும் ஊராரின் பொறுப்பாக இருப்பதால், வரவிருக்கும் பருவத்தின் நாடகப் பட்டியல் எனப்படுவது நடிகரின் விருப்பத்தைவிட ஊரின் தேவையையே காட்டுகிறது.

தெருக்கூத்து என்றும், வேடதாரிகள் தோளிலும் மார்பிலும் தலையிலும் அணியும் மர அணிகலன்களான கட்டைகளை முன்னிட்டுக் கட்டைக்கூத்து என்றும் வழங்கும் இக்கலையில், குழுவை ஜமா என்பர். ஊர்ப் பெரியவர்கள் ஜமாவின் வாத்தியாரிடம், அதாவது குழுத் தலைவரான ஆசிரியரிடம், வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டால் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பங்குனியில் சூடுபிடித்து ஆடி வரை நீளும் திரௌபதி அம்மன் திருவிழாக்களே இப்பருவத்தின் முதுகெலும்பு. காப்புக் கட்டியபின் பகலில் பாரதப் பிரசங்கியார் கதையை விரித்துரைக்க, இரவில் அதே கதையின் ஒரு பகுதியை ஜமா ஆடிக்காட்டும்; வில் வளைப்பு, பகடைத் துகில், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று அடுத்தடுத்த இரவுகள் அமைவதால், ஊர் முழுவதும் ஒரே காவியத்தைத் தவணை முறையில் பார்த்து முடிக்கிறது.

இவ்வரிசையில் சில நாடகங்களுக்குக் கதையைத் தாண்டிய பணியும் உண்டு. மழை வேண்டி விராட பர்வத்தை ஆடச் சொல்வதும், இறந்தவரின் கருமாதியன்று கர்ண மோட்சத்தை வைப்பதும் பரவலான வழக்கங்கள். அர்ச்சுனன் தபசில், வேடதாரி நெடிய தவசு மரத்தின் மீது பாடியபடியே ஏறி உச்சியிலிருந்து எலுமிச்சம்பழம் முதலியவற்றை எறியும்போது, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரப் புடவையோடு கீழே காத்திருந்து மடியில் ஏந்துகின்றனர். இங்கே பார்வையாளர் என்ற சொல்லே பொருந்தாமற் போகிறது.

பங்கேற்பின் உச்சம் படுகளத்தில் அமைகிறது. வெட்டவெளியில் களிமண்ணால் மல்லாந்த நிலையில் மிகப் பெரிதாக வனையப்பட்ட துரியோதனன் உருவத்தைச் சுற்றி, விடிந்த பின்னரும் வேடம் கலைக்காத பீமனும் துரியோதனனும் துரத்தி ஓடிப் போரிட, முடிவில் மண் தொடையில் புதைத்து வைத்த செந்நீர்க் கலம் உடைந்து கசிய, அதைத் தொட்டுத் திரௌபதியின் விரித்த கூந்தல் முடியப்படுகிறது. பின்னர்த் துரியோதனன் மனைவி பெருந்திருவாள் துடைப்பத்துடன் வந்து ஒப்பாரி வைக்கிறாள். வில்லிபுத்தூராரின் பாரதத்தைச் சார்ந்து நிற்கும் ஒரு மரபு, இப்பாத்திரத்தின் வாயில் தோற்றவன் வீட்டுத் துயரத்தை வைத்தது, கூத்தாசிரியர்களின் நாடக அறிவுக்குப் போதிய சான்றாகும். அன்று மாலை தீமிதியுடன் விழா நிறைவுறுகிறது.

இந்தப் பரப்பைக் குறித்து ஆல்ஃப் ஹில்டபைட்டல், ரிச்சர்ட் ஃப்ராஸ்கா, ஹன்னா டி புருய்ன் ஆகியோர் விரிவாக எழுதியுள்ளனர். தமிழில் நாடகாசிரியர் ந. முத்துசாமியின் ஈடுபாடே திருப்புமுனையாக அமைந்தது. புரிசை என்னும் ஊரின் கூத்துக் குடும்பத்தாரான தம்பிரான்களின் ஆட்டத்தில் நவீன நாடகத்துக்கான இலக்கணத்தைக் கண்ட அவர் 1977-இல் கூத்துப்பட்டறை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். அதே புரிசைக் குழு பின்னாளில் மார்க்வெஸின் சிறகு முளைத்த முதியவர் கதையையும் கூத்தாக்கியது. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் பொ. ராஜகோபால் நடத்திவந்த குருகுலம், ஆண்களே பெண் வேடம் கட்டிவந்த கலையில் சிறுமியரையும் பயிற்றுவித்தது. அழிந்து வரும் கலை என்ற பல்லவியை இக்கலை பற்றி எழுதுவோர் கைவிடுவது நல்லது. ஊர் அழைத்துக்கொண்டிருக்கும்வரை அது அழிவதில்லை.

பிற தமிழ்ப் பகுதிகளின் ஏற்பாடுகளோடு ஒப்பிட்டால் இம்முறையின் தனித்தன்மை விளங்கும். மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் ஆகியோர் தனித்தனியே அமர்த்தப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவு மேடையிலேயே சந்திக்கின்றனர். மெலட்டூர் பாகவத மேளாவிலோ நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஊர்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் தாங்களே வேடம் ஏற்கின்றனர். மட்டக்களப்பில் அண்ணாவியார் என்னும் கூத்தாசிரியர் ஊராருக்கே பாத்திரங்களைப் பகிர்ந்து, சட்டம் கொடுத்தல் எனப்படும் பாடல் ஏட்டளிப்பில் தொடங்கி, மாதக்கணக்கில் பழக்கி, வட்டக்களரியில் அரங்கேற்றுகிறார்; பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1965-இல் தயாரித்த இராவணேசன் அந்த மண்ணிலிருந்து எழுந்ததே. ஊரே நடிப்பது மெலட்டூரிலும் மட்டக்களப்பிலும் காணப்படும் முறை. நடிப்பைத் தொழில்முறைக் கலைஞரிடம் விட்டுவிட்டு நாடகத் தேர்வை மட்டும் ஊர் தன் கையில் வைத்துக்கொள்வது, மேற்சொன்ன கூத்து நாடான தொண்டை மண்டலத்து முறை.

புறநகரில் இம்முறைக்கு நேரும் சிக்கல் ரசனை சார்ந்ததன்று. இடமும் இரவும் சார்ந்தது. தவசு மரம் நடவும் மண் துரியோதனனைப் படுக்க வைக்கவும் திறந்த வெளி வேண்டும். அத்தகைய வெளிகள் மனைகளாகிவிட்ட இடங்களில் வரிசையிலிருந்து முதலில் உதிர்வன இவ்விரு நாடகங்களே. இரவு பற்றிய சிக்கல் இன்னும் கடினமானது. கூத்து இரவு சுமார் பத்து மணிக்குக் களரி கட்டி, அதாவது முகவீணையும் மிருதங்கமும் ஆர்மோனியமும் தாளமும் முழங்க அரங்கை உயிர்ப்பித்து, கட்டியங்காரன் என்னும் விகடனின் வருகையோடு தொடங்கி, விடியும்வரை ஆடப்படுவது. ஒலி மாசு விதிகள், 2000, ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கும் நேரமோ இரவு 10 முதல் காலை 6 வரை. சமய, பண்பாட்டு நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் விலக்கு அளிக்கலாம் என்ற போதிலும், அவ்விலக்கும் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடுகிறது.

நோயாளியும் தேர்வெழுதும் மாணவரும் வாழும் நெருக்கமான தெருவில் அவ்விதி நியாயமானதே. ஆனால் இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்பட்ட கர்ண மோட்சத்தில், போருக்குப் புறப்படும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி தடுத்து நிறுத்தும் நீண்ட தர்க்கம் சுருங்கிப்போக, போர் மட்டுமே எஞ்சுகிறது. எனவே கரையான்சாவடி போன்ற ஊர்களில் வரும் பங்குனிக்குத் திட்டமிடும் விழாக் குழுவினர், பத்து இரவுகளுக்குப் பத்து நறுக்குகளை வைப்பதைவிட, மாலை ஆறு மணிக்கே களரி கட்டி, நாடகங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, எடுத்தவற்றை இயன்றவரை முழுமையாக ஆடுமாறு வாத்தியாரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசி முடிப்பது நலம்.