கெட்டி அட்டையும் உதிரும் தாளும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஓர் உருக்காலையின் வாசல் அறையிலோ எடைமேடை அறையிலோ எட்டிப் பார்த்தால், மேசை மேல் ஒரு நீளமான ரெஜிஸ்டர் விரிந்து கிடக்கும். காலிகோ துணி ஒட்டிய கெட்டி அட்டை, முதுகிலும் மூலைகளிலும் ரெக்ஸின், உள்ளே கோடு போட்ட தாள். லாரி எண், வந்த நேரம், சரக்கு, எடை, கையெழுத்து என்று மூன்று ஷிஃப்டிலும் அதில் எழுத்து ஏறிக்கொண்டே இருக்கும். முழங்கை அதன் மேல் ஊன்றும். இரும்புத்தூள் படிந்த விரல்கள் அதைப் புரட்டும். நன்றாகத் தைத்த ரெஜிஸ்டராக இருந்தால், நிரம்பி அலமாரிக்குப் போகும் நாளிலும் ஒரு தாள்கூடக் கழன்றிருக்காது. அதைப்போலப் பல மடங்கு விலையில், வழுவழுப்பான வண்ணத் தாளில், கண்ணைப் பறிக்கும் அட்டையோடு விற்கும் மேசை விளையாட்டு விதிநூல்களோ சில மாதப் புழக்கத்திலேயே கொத்துக் கொத்தாகக் கழன்று வருகின்றன. இரண்டுக்கும் அட்டை கெட்டிதான். புத்தகத்தின் பலம் முதுகுக்குள் ஓடும் தையலில் இருக்கிறது. கெட்டி அட்டை அதற்குத் துணை நிற்கலாமே தவிர, அதன் இடத்தை நிரப்ப முடியாது.

இதற்கு விளையாட்டு உலகத்திலேயே சான்று உண்டு. ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்தபோது, அதன் விதிகள் ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு கையேடுகளாகத்தான் இருந்தன. 1977-இல் அதே விளையாட்டுக்கான மான்ஸ்டர் மேனுவல் கெட்டி அட்டையில் வந்தது. அந்தக் கெட்டி அட்டை வரிசையின் தொடக்க நூல்கள் உழைப்புக்குப் பெயர் வாங்கியவை. அவற்றை வெளியிட்ட அதே நிறுவனம் 1985-இல் கொண்டுவந்த அன்எர்த்டு ஆர்க்கானா, தாள் உதிர்வதற்கே பெயர் வாங்கியது. ஒரே விளையாட்டு, ஒரே அளவு, இரண்டுமே கெட்டி அட்டை. இப்படியிருக்க, அட்டையைத் தட்டிப் பார்த்துப் புத்தகத்தின் ஆயுளை எப்படிக் கணிப்பது? விதிநூல் கதைப் புத்தகம்போல முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை வாசித்து மூடி வைக்கும் பொருளும் இல்லை. ஆட்டத்தின் நடுவே ஒரு சந்தேகம் எழும். அதே நாலைந்து பக்கங்களுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். எல்லோரும் பார்க்கும்படி மல்லாக்க விரித்து வைக்க வேண்டும். புழக்கத்தில் அது எடைமேடை ரெஜிஸ்டரின் உடன்பிறப்பு. கட்டுமானத்தில் மட்டும் அலங்காரப் பொருளாகச் செய்துவிடுகிறார்கள்.

நல்ல பைண்டிங் எப்படி எழும்புகிறது என்பதைப் பார்ப்பதே ஒரு சுகம். அச்சான பெரிய தாளை மடித்து எட்டு அல்லது பதினாறு பக்க ஃபாரம் ஆக்குகிறார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, மடிப்பின் முதுகில் துளையிட்டு, ஊசி நூலை ஒவ்வொரு ஃபாரத்தின் நடுமடிப்புக்குள்ளும் ஓட்டுகிறார்கள். முதுகின் குறுக்கே கட்டிய நாடாக்களைச் சுற்றிக்கொண்டு நூல் வெளியே வரும். மறுபடி உள்ளே போகும். கடைசித் துளையில் கீழே இருக்கும் ஃபாரத்தின் தையலோடு முடிச்சிட்டு அடுத்ததற்கு ஏறும். நூலை இழுக்கும் கைக்குத்தான் இங்கே வேலை அதிகம். அதிகமாக இழுத்தால் நூல் மடிப்பைக் கிழித்துவிடும். தளர விட்டால் ஃபாரங்கள் ஆடும். பிறகு முதுகில் பசை பூசி, வலைத்துணி ஒட்டி, துணியின் இரு ஓரங்களையும் அட்டைக்குள் கொண்டுபோய் ஒட்டி, மேலே அட்டையின் உள்பக்கத்தை மூடும் எண்ட் பேப்பர் போட்டு அழுத்தத்தில் வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு தாளும் மடிப்பின் மறுபக்கத்தில் இருக்கும் தன் ஜோடியோடு ஒரே தாளாக இருக்கிறது. அந்த ஜோடியை நூல் பிடித்திருக்கிறது. நூலை நாடா பிடித்திருக்கிறது. பசைக்கு இங்கே உதவி வேலைதான். பெர்ஃபெக்ட் பைண்டிங் எனப்படும் பசைக்கட்டில் எல்லாம் தலைகீழ். மடிப்பை வெட்டி எறிந்துவிட்டு, உதிரித் தாள்களின் விளிம்பைச் சுரண்டி, உருக்கிய பசையில் நிறுத்துகிறார்கள். ஒரு தாளைத் தாங்குவது அதன் கனம் அளவே உள்ள விளிம்பு. விதிநூல்களில் படங்கள் மின்ன வேண்டும் என்று போடும் ஆர்ட் பேப்பரின் பூச்சில் அந்தப் பசை சரியாக ஊறுவதும் இல்லை. அதன் மேல் கனத்த அட்டையையும் மாட்டிவிட்டால், புத்தகத்தை நிறுத்தி வைக்கும்போதெல்லாம் உள்கட்டின் முழு எடையும் எண்ட் பேப்பரின் ஒட்டிலிருந்து தொங்குகிறது. பலவீனமான உள்கட்டுக்குக் கெட்டி அட்டை ஒரு சுமை.

பசையை மட்டும் நம்பியதன் கதை பழையது. இங்கிலாந்தில் வில்லியம் ஹான்காக் 1836-இல் ரப்பர் கரைசலால் உதிரித் தாள்களை ஒட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்தின் ஆடம்பரப் படநூல்கள் பல அப்படிக் கட்டப்பட்டன. சில பத்தாண்டுகளில் ரப்பர் காய்ந்து பொடிந்து, அழகான அட்டைக்குள் தாள்கள் தனித்தனியாகக் கிடந்தன. எதிர்ப்பக்கச் சான்று 1966 நவம்பரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆர்னோ ஆறு பெருகியபோது கிடைத்தது. நனைந்த நூல்களைக் காப்பாற்றப் போனவர்களில் ஒருவரான கிறிஸ்டோபர் கிளார்க்சன், வெள்ளத்தைத் தாங்கி நின்றவற்றில் மெல்லிய தோலை மட்டும் போர்த்தி, பசை அதிகம் இல்லாமல் தைத்துக் கட்டிய பழைய நூல்கள் முன்னே நிற்பதைக் கவனித்தார். வளையக்கூடிய அட்டை, உறுதியான தையல். கெட்டியான மேலாடை இல்லாமலே அவை பிழைத்தன.

நம் ஊரிலும் புத்தகத்தின் ஒரு தாள் கழலக் கூடாது என்பதில் சட்டத்துக்கே அக்கறை உண்டு. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, பதிவு அலுவலகங்களுக்குக் கொடுக்கும் புத்தகங்களில் பக்க எண்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். மொத்தம் எத்தனை பக்கம் என்று வழங்கும் அதிகாரி தலைப்புப் பக்கத்தில் சான்று எழுத வேண்டும். கும்மிடிப்பூண்டி அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்தில் வயலும் புஞ்சையும் ஆலைமனைகளாகக் கைமாறிய வரலாறு அந்த வகைப் புத்தகங்களில்தான் தங்கியது. தைத்த கட்டில் ஒரு தாளைக் கிழித்தால், மடிப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அதன் ஜோடித் தாள் பிடி இழந்து ஆடத் தொடங்கிவிடும்; கிழித்தவர் மறைத்தாலும் புத்தகம் சொல்லிவிடும். பசைக்கட்டில் உருவிய தாளுக்குச் சாட்சி சொல்ல, பக்க எண்ணைத் தவிர எதுவும் இல்லை. விபத்துப் பதிவேடு, ஷிஃப்ட் லாக் புக் போன்றவற்றைத் தையல் கட்டில் வைப்பது இந்தக் காரணத்துக்காகவே நியாயம்.

இந்த வட்டாரத்தின் வெயிலும் ஈரமும் புத்தகத்தை வேறு வகையில் சோதிக்கின்றன. திருத்தணியில் மே மாதம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். பூட்டிய லாரி கேபினுக்குள்ளோ தகரக் கூரைக்குக் கீழோ அது இன்னும் ஏறும். பசைக்கட்டுக்கு வழக்கமாகப் போடும், சூட்டில் உருகுவதற்கென்றே செய்த இ.வி.ஏ. பசை அங்கே இளகும், முதுகு வளையும், அந்த வளைவிலேயே மறுபடி இறுகும். கிழக்கே பழவேற்காடு ஏரியையும் கடலையும் ஒட்டிய பக்கத்தில் காற்றின் ஈரம் தாளை வீங்க வைக்கிறது. தாள் தன் நாரோட்டத்துக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். நாரோட்டம் முதுகுக்கு இணையாக இருந்தால் அந்த விரிவு வெளி ஓரத்துப் பக்கம் போய்விடும், யாருக்கும் தொந்தரவில்லை. தாளை மிச்சம் பிடிக்க வேண்டிக் குறுக்கு நாரோட்டத்தில் அச்சடித்தால், விரிவு முதுகின் நீளத்துக்கு ஓடப் பார்க்கிறது. அங்கே பசை பிடித்திருப்பதால் தாள் அலை அலையாகச் சுருங்குகிறது, விறைத்து நிற்கிறது, ஒவ்வொரு முறை விரிக்கும்போதும் நெம்புகோலாக மாறித் தன்னையே பசையிலிருந்து பெயர்க்கிறது. மைதாப் பசை காய்ச்சும்போது பூச்சிக்கும் பூஞ்சைக்கும் பயந்து மயில்துத்தம் சேர்க்கும் பழைய பட்டறைக்காரர்கள், இந்தச் சீதோஷ்ணத்தைக் கணக்கில் எடுத்துத்தான் வேலை செய்தார்கள். அந்த விவேகம் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுகிறது.

தையல் என்றால் விலை கூடும், படிப்பவரால் தாங்க முடியாது என்பார்கள். கூடும்தான். ஆனால் கெட்டி அட்டையும் இனாமாக வருவதில்லை: போர்டு, துணி, லேமினேஷன், தனி இயந்திரம், அனுப்பும்போது கூடும் எடை எல்லாமே வாங்குபவர் தலையில்தான் ஏறுகின்றன. கெட்டி அட்டையை விட்டுவிட்டுத் தைத்த உள்கட்டுக்கு மெல்லிய அட்டை போடுங்கள். அந்தப் புத்தகம் பசைக்கட்டின் மேல் கவசம் மாட்டியதைவிட நீடிக்கும். பி.யு.ஆர். பசை வந்துவிட்டதே என்ற கேள்விக்கு அதிக வலு உண்டு. காற்றிலும் தாளிலும் இருக்கும் ஈரத்தை உறிஞ்சி இறுகும் பசை அது. ஒருமுறை இறுகினால் வெயிலுக்கு இளகாது, ஆர்ட் பேப்பரிலும் நன்றாகப் பிடிக்கிறது. பசைக்கட்டுதான் வேண்டும் என்றால் இதைத்தான் கேட்டு வாங்க வேண்டும். எனக்கு அதில் உள்ள ஒரே மனத்தாங்கல், அதைப் பிரிக்க முடியாது என்பது. நூலை அறுத்துவிட்டு அதே மடிப்பில், அதே துளைகளில் மறுபடி தைக்கலாம். அந்தப் பசையை எடுக்க வேண்டுமானால் முதுகையே வெட்டியாக வேண்டும். தைத்த புத்தகங்களும் கழல்வதில்லையா என்றால், கழல்கின்றன. ஆனால் பெரும்பாலும் அட்டை தனியாகவும் உள்கட்டு முழுதாகவும் பிரியும். அரை நாள் வேலையில் சரியாகிற காயம் அது. விதிகளைத் திரையில் தேடிக்கொள்ளலாம் என்பவர்களோடு சண்டை இல்லை. மேசை நடுவில் நாலு பேர் ஒரே பக்கத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்வரை காகிதத்துக்கும் வேலை இருக்கிறது.

ஏற்கெனவே உதிர்ந்த விதிநூலுக்கு வைத்தியம் பார்க்குமுன் முதுகின் மேல் முனையை உற்றுப் பாருங்கள். சிறு சிறு வளைவுகளாக மடிப்புகள் தெரிந்தால் அது ஃபாரம். நடுவில் திறந்தால் நூல் தெரியும். வெட்டிய சுவர்போல நேராக இருந்தால் பசைக்கட்டு. முனையில் தெரியும் வண்ணப் பட்டையைப் பார்த்து ஏமாற வேண்டாம், அதைப் பசைக்கட்டிலும் அழகுக்கு ஒட்டுவார்கள். உள்கட்டு முழுதாகக் கழன்ற புத்தகத்துக்குப் புது வலைத்துணியும் புது எண்ட் பேப்பரும் போதும். தாள் தாளாகப் போனதற்குச் செல்லோ டேப் ஒட்டாதீர்கள்; சில வருடங்களில் அதன் பசை பழுப்பேறித் தாளையும் கெடுத்துவிடும். ஓரத்தில் துளைபோட்டுக் குத்தித் தைப்பதும் இங்கே ஒத்துவராது. விதிநூல்களில் அச்சு உள் ஓரம்வரை நெருங்கி வருவதால் எழுத்து தையலுக்குள் போய்விடும், புத்தகமும் மல்லாக்க விரியாது. செலவு குறைய வேண்டும் என்றால் முதுகை மெல்லியதாகச் சீவி ஸ்பைரல் போடுவது நேர்மையான வழி. புத்தகம் அருமையானது என்றால், திருவல்லிக்கேணியிலோ இராயப்பேட்டையிலோ பழைய பட்டறை ஒன்றைத் தேடிப் பிடித்து, இரண்டிரண்டு தாள்களை மெல்லிய உறுதியான காகிதப் பட்டையால் இணைத்து மறுபடி ஃபாரமாக்கித் தைக்கச் சொல்லுங்கள். பட்டை கனமானால் முதுகு உப்பிவிடும், அதனால் மிக மெல்லிய தாளையே கேளுங்கள். மூன்று ஓரங்களையும் மீண்டும் கட்டிங் இயந்திரத்தில் கொடுக்க வேண்டாம் என்றும் வேலை தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள்: பக்க எண்கள் பெரும்பாலும் அந்த ஓரங்களை ஒட்டித்தான் அச்சாகியிருக்கும்.