கணேஷ் அடித்த கோலும் கல்வராயன் மலையும்

2018 மார்ச் 13. சென்னை நேரு விளையாட்டரங்கில் ஐ.எஸ்.எல். கால்பந்து அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டம் கோவாவில் 1-1 எனச் சமனில் முடிந்திருந்தது. அந்த சீசனில் கோல்களைக் குவித்த எஃப்.சி. கோவாவை, அரை மணி நேரத்துக்குள் 2 கோல் போட்டுத் திணறடித்தது சென்னையின் எஃப்.சி. முதல் கோல் முன்கள வீரர் ஜேஜே அடித்தது. இரண்டாவதை அடித்தவர் நடுக்கள வீரர் தனபால் கணேஷ், வியாசர்பாடிக்காரர். ஆட்டம் 3-0. நான்கே நாளில் பெங்களூரில் கோப்பையும் கைக்கு வந்தது.

அந்தக் கோப்பையைவிட கணேஷின் கோலையே நான் பெரிதாக மதிக்கிறேன். காரணம், இந்த அரங்கின் கதை.

பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியம் இருந்த இடம் இது. சேப்பாக்கத்துக்குப் பதிலாக 1956 முதல் 1965 வரை கிரிக்கெட் டெஸ்ட் போட்டிகள் இங்கேதான் நடந்தன. 1956-ல் நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவின் மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், 2008 வரை உலக சாதனையாக நின்றது. கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிய பிறகு, 1993-ல் நேரு தங்கக் கோப்பைக்காக சுமார் 40,000 பேர் அமரும் கால்பந்து அரங்கம் எழுந்தது. 1995-ல் தெற்காசிய விளையாட்டுப் போட்டி, 2014 முதல் ஐ.எஸ்.எல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரமே முடங்கியபோது, சொந்த மண்ணில் ஆட வேண்டிய அரையிறுதியை புனேயில் ஆடி வென்ற சென்னை அணி, கோவாவில் சாம்பியனும் ஆனது.

அரங்கம் பெரிய ஆட்டங்களுக்கு இடம் தரும். ஆட்டக்காரரை உருவாக்குவது தெருவும் பள்ளி மைதானமும் பயிற்சியாளரும்தான். வடசென்னையில் இவை இருந்தன. பக்கத்திலேயே அரங்கமும் இருந்தது. அதனால் கணேஷ் வந்தார்.

அருகில் இப்படியோர் அரங்கம் இல்லாத ஊரிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வருவார்கள். அதற்குக் கடலூர் சாட்சி. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த ஊர்க்காரர். தேசிய மகளிர் கால்பந்துப் பட்டத்தைத் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் வென்றதற்குப் பின்னால், இப்படிச் சிறு ஊர்களிலிருந்து வந்த பெண்களின் உழைப்பு இருக்கிறது.

அதே கடலூரோடு ஒரு காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தில் சேர்ந்திருந்ததுதான் கள்ளக்குறிச்சி. 1993-ல் விழுப்புரத்தோடு போனது. 2019-ல் தனி மாவட்டமானது. மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நேரு அரங்கம் ஏறத்தாழ 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. மலைச்சரிவில் சமதளமான ஒரு மைதானம் கிடைப்பதே பெரும்பாடு. ஆனால் அங்கே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிப்பதால் காலையும் மாலையும் பயிற்சி தர முடியும். ஒரு கால்பந்து அணிக்கு இதைவிட நல்ல தொடக்கம் அமையாது.

ஆகவே அரசுக்கும் கால்பந்துச் சங்கத்துக்கும் ஒரு கோரிக்கை. மலையில் ஒரு மைதானத்தைச் சமன்செய்து கொடுங்கள். நிரந்தரப் பயிற்சியாளரை நியமியுங்கள். உறைவிடப் பள்ளிகளுக்குள், ஆண் பெண் இருபாலருக்கும், ஆண்டுதோறும் லீக் நடத்துங்கள். அதன் இறுதியாட்டத்தை நேரு அரங்கிலேயே வையுங்கள். மக்கள் வரிப்பணத்தில் எழுந்த அரங்கம் அது. அந்தப் புல்தரையில் மலைப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு.