நலமளித்தலும் உறவும்: திருவதிகையை முன்வைத்து ஒரு திறனாய்வு

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் வரும் கல்லறை மனிதனின் வரலாறு நம் சபைகளில் அடிக்கடி பிரசங்கிக்கப்படும் பகுதிகளுள் ஒன்று. ஆயினும் நாம் கேட்கும் பிரசங்கங்களில் பல, பன்றிக்கூட்டம் கடலில் பாய்ந்ததோடு முடிந்துவிடுகின்றன. ஆண்டவருடைய அதிகாரம் வெளிப்பட்டது, அசுத்த ஆவிகள் தோற்றன, ஆகவே விசுவாசிப்பவருக்குச் சுகம் உண்டு என்று முடிவு கூறப்படுகிறது. நற்செய்தியாளர் அங்கே நிறுத்தவில்லை. சுகமடைந்தவன் ஆடை உடுத்தித் தெளிந்த புத்தியுடன் அமர்ந்திருந்ததைக் கண்டு ஊரார் அஞ்சினர் என்கிறார். அவன் இயேசுவோடு படகேற விரும்பினான் என்றும், இயேசு அதற்கு இசையாமல் அவனை அவன் இனத்தாரிடம் வீட்டிற்கு அனுப்பினார் என்றும் கூறுகிறார். நலமளிக்கும் பணியைப்பற்றி இப்பகுதி கற்பிக்கும் மிகக் கடினமான பாடம் இக்கடைசி வசனங்களில்தான் உள்ளது.

கிராமப்புற மனநலப் பணியைப்பற்றித் திருச்சபை இன்று சிந்திக்கையில் இப்பாடத்தையே முதலில் கற்கவேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. நோயுற்றவர் எந்த இடத்திற்குக் கொண்டுபோகப்பட்டார் என்பதைக்கொண்டு அப்பணியை அளக்கலாகாது. அவர் யாரிடம் திரும்பினார், அவர்கள் அவரை எவ்வாறு ஏற்றனர் என்பதே அதன் அளவுகோல். இதைத் தெளிவாக்க, நம் மண்ணிலேயே பிறந்த வேறொரு நலமளித்தல் கதையைத் துணைக்கு அழைப்போம்.

தமக்கையின் கதை

பண்ருட்டியை ஒட்டிக் கெடில நதிக்கரையில் அமைந்துள்ளது திருவதிகை. அதற்கு அண்மையிலுள்ள திருவாமூர், 7ஆம் நூற்றாண்டினரான திருநாவுக்கரசர் பிறந்த ஊர். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் அவருடைய சூலை நோயையும் அது நீங்கியதையும் விரிவாகக் கூறுகிறது. சூலை உடல்நோயே. எனினும் அக்கதை தொடங்குவது வயிற்று வலியிலன்று, ஓர் இளம்பெண்ணின் துயரத்தில்.

திலகவதியாரின் பெற்றோர் புகழனாரும் மாதினியாரும் ஒருவர்பின் ஒருவராக மறைகின்றனர். அவருக்கு மணம்பேசப்பட்டிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போர்க்களத்தில் மடிந்த செய்தியும் வருகிறது. திலகவதியார் உயிர்விடத் துணிகிறார். அப்போது தம்பி மருணீக்கியார் அவர் அடிகளில் வீழ்ந்து, பெற்றோரும் இன்றித் தமக்கையும் இன்றித் தான் வாழ்வதில்லை, தானே முன்னர் இறப்பேன் என்று அழுகிறார். தம்பியின்பொருட்டுத் தமக்கை உயிர் தாங்குகிறார். மந்திரமோ மருந்தோ மடமோ இன்றி, தன்னை வேண்டுகிற ஓர் உறவின் குரலால் ஓர் உயிர் காக்கப்படுகிறது.

பின்னர் காட்சி மாறுகிறது. மருணீக்கியார் சமணம் சார்ந்து, பாடலிபுரத்தில் தருமசேனர் என்னும் பெயருடன் சிறப்புற்று விளங்குகையில் சூலை அவரைப் பற்றுகிறது. அங்கிருந்தோர் செய்த முயற்சிகள் பலிக்கவில்லை. அவர் நினைப்பது தமக்கையையே. அவர் அனுப்பிய ஆள் செய்தியோடு வருகிறான். தாம் அவ்விடத்திற்கு வருவதில்லை என்று தமக்கையார் மறுமொழி கூறுகிறார். நோயுற்றவர் இரவோடு இரவாகத் தாமே திருவதிகைக்கு வந்து அவர் அடிகளில் விழுகிறார். தமக்கையார் கடிந்துகொள்ளவில்லை. திருநீறு அளித்து, விடியுமுன் தாம் கோயில் பணிக்குச் செல்கையில் தம்முடன் அழைத்துச் செல்கிறார். தாம் நாள்தோறும் நடக்கும் வழியிலேயே நோயுற்றவரையும் உடன் நடத்திச் செல்வது, மேய்ப்புப் பணியைக் கற்பிக்கும் எந்த வகுப்பிலும் எடுத்துக்காட்டத்தக்க காட்சி.

கதையின் குறைகள்

ஆயினும் திறனாய்வாளர் இக்கதையை வணங்கிவிட்டு விலகுதல் தகாது. இதில் இரண்டு குறைகள் உள. இரண்டும் நம்மிடமும் உள்ளவை.

முதலாவது, நலமளித்தல் இங்கே சமய வெற்றியின் சான்றாக்கப்படுகிறது. சமணர் தோற்றனர் என்று காட்டுவதற்கு நோயாளியின் வலி பயன்படுகிறது. சேக்கிழாரைக் குறைகூறுமுன் நம் சுகமளிக்கும் கூட்டங்களின் சுவரொட்டிகளை நோக்குவோமாக. மேடையில் நிறுத்தப்பட்டுச் சாட்சி சொல்லவைக்கப்படும் மனநோயாளர், அடுத்த மாதம் நோய் மீண்டு வருகையில் எங்கே போவார்? விசுவாசக் குறைவு என்ற பழியும் அவர் நோயோடு சேர்கிறது. மருந்தை நிறுத்துவதே விசுவாசத்தின் அடையாளம் என்று போதிக்கப்பட்டவரின் நிலை இன்னும் கொடியது. கதரேனர் நாட்டில் இயேசு சுகமடைந்தவனைத் தம் படகில் ஏற்றி ஊர் ஊராகக் காட்டவில்லை என்பதை இங்கே நினைவுகூர்தல் நலம்.

இரண்டாவது, உறவின் முழுச் சுமையும் ஒரு பெண்ணின் தோள்மேல் விழுகிறது. தம்பிக்காக வாழ்ந்த திலகவதியாரின் துயரத்தை யார் கேட்டார் என்பதைப் புராணம் கூறவில்லை. இன்றும் நம் கிராமங்களில் மனநோயாளரைக் காப்பது பெரும்பாலும் தாய், மனைவி, தமக்கை ஆகியோரே. உறவே மருந்து என்று நாம் எளிதில் கூறிவிடுகிறோம். அம்மருந்தைத் தன் உடலிலிருந்தே வடித்தெடுக்கும் பெண்ணுக்கு யார் உறவு என்று கேட்பதில்லை.

சங்கிலியும் ஓர் உறவே

உறவு தானாகவே நலமளிக்கும் என்பது மாயை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை அண்டி நடத்தப்பட்ட தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் இறந்தனர். அவர்களும் ஒரு காலத்தில் யாருக்கோ மகனாகவும் மகளாகவும் உடன்பிறந்தாராகவும் இருந்தவர்களே. களைத்துப்போன உறவு ஒருபுறம், அருகே மருத்துவம் இல்லாமை மறுபுறம், ஊராரின் வெட்கம் இன்னொருபுறம். இம்மூன்றும் சேர்ந்தே அச்சங்கிலி வார்க்கப்பட்டது. கதரேனரும் தம் மனிதனைச் சங்கிலியால் கட்டிப்பார்த்தவர்களே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுதலைத் தடைசெய்துள்ளது. சமூகத்தோடு வாழும் உரிமையையும் அளித்துள்ளது. எனினும் சட்டம் இரும்பை அகற்றுமேயன்றி வெட்கத்தை அகற்றாது.

வழிபாட்டிடங்கள் யாவும் ஏர்வாடிபோல் முடிவன என்று எண்ணுதலும் தவறு. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றிலுள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய 31 மனநோயாளரை ஆராய்ந்து, 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. உறவினரோடு சில வாரங்கள் தங்கியவர்களின் நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தன. அச்சுறுத்தாத, ஆதரவான சூழலே காரணமாகலாம் என்று ஆய்வாளர் கருதினர். இது சிறிய ஆய்வு. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாதது. மருந்து வேண்டாம் என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும் அன்போடு தங்க இடமளித்தலும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை இது உணர்த்துகிறது.

இவ்வுண்மையைத் திருச்சபையின் மருத்துவப் பணி முன்னரே அறிந்திருந்தது. 1957இல் மருத்துவர் புளோரன்ஸ் நிக்கல்ஸ் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய மனநலப் பணி, பாகாயத்தில் நோயாளரோடு குடும்பத்தாரும் தங்கும் முறையாக வளர்ந்தது. அதே காலத்தில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யா சாகர் நோயாளரின் உறவினரை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரமிட்டுத் தங்கச்செய்தார். உறவினர் பார்வையாளராக நில்லாமல் நோயை அறிந்து துணைசெய்வோராயினர். பெல்ஜியம் நாட்டின் கீல் என்னும் சிற்றூரிலோ, புனித திம்ப்னாவின் ஆலயத்தை நாடிவந்த மனநோயாளரை ஊர்க் குடும்பங்களே பல நூற்றாண்டுகளாகத் தம் வீடுகளில் வைத்துப் பராமரித்து வந்துள்ளன.

வீட்டுவாசல் வரை

மருத்துவமனை எவ்வளவு நல்லதாயினும் கிராமத்திற்குத் தொலைவிலுள்ளது. தேசிய மனநலத் திட்டம் 1982இலும் மாவட்ட மனநலத் திட்டம் 1996இலும் தொடங்கின. ஆயினும் 2015-16இல் நடைபெற்ற தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நோய்வகைக்கேற்ப 70 விழுக்காட்டினருக்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெறாதிருப்பதைக் காட்டியது. மருத்துவர் பற்றாக்குறை ஒரு காரணம். முதல் வருகைக்குப்பின் தொடர்ந்து வருவோர் இல்லாமை மற்றொரு காரணம்.

இவ்விடைவெளியை நிரப்புவோர் மருத்துவராகவே இருக்கவேண்டியதில்லை. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி அறக்கட்டளையும் பங்கேற்ற ஓர் ஆய்வு 2014இல் வெளியாயிற்று. காஞ்சிபுரம் மாவட்டம், கோவா, சதாரா ஆகிய இடங்களில் மனச்சிதைவு நோயுற்ற 282 பேரை அது உட்படுத்தியது. பயிற்சி பெற்ற ஊர்ப்பணியாளர் வீடு சென்று, மருந்து தொடரவும் குடும்பத்தார் நோயை விளங்கிக்கொள்ளவும் துணைசெய்தனர். மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றோரைவிட, இதையும் சேர்த்துப் பெற்றோர் ஓராண்டில் ஓரளவு கூடுதலாக நலமடைந்தனர். அந்த முன்னேற்றம் பெரிதன்று, ஆயினும் உண்மையானது. மருந்தா உறவா என்ற கேள்வியே பிழையானது என்பதை இவ்வாய்வு காட்டுகிறது. மருந்து உறவின் கையால் வரும்போது நிலைக்கிறது.

இனிப் பண்ருட்டிக்குத் திரும்புவோம். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூர் மாவட்டத்தில் புகுந்தபோது, தலைமுறைகள் வளர்த்த பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அருகில் நெய்வேலியில், 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தின் சுரங்கங்களுக்காக ஊர்கள் பெயர்ந்தன. மரத்திற்கும் மண்ணுக்கும் இழப்பீடு கணக்கிடப்படலாம். பாட்டன் நட்ட பலா விழுந்ததைக் கண்டவனின் உறக்கமின்மைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. இத்தகையோரைத் தேடிச்செல்ல வல்லவர் யார்? வீட்டுச்சந்திப்பு என்னும் வழக்கத்தை இன்னும் முற்றிலும் கைவிடாத கிராம சபையின் ஆயரும், உபதேசியாரும், பெண்கள் ஐக்கியச் சகோதரிகளும் அல்லவா?

ஆனால் அச்சந்திப்பு மாறவேண்டும். வாசலில் ஜெபித்துவிட்டுப் புறப்படும் சந்திப்பு போதாது. அமர்ந்து கேட்கவேண்டும். அரசு மருத்துவமனைக்கு உடன்சென்று, அடுத்த மாதமும் உடன்செல்லவேண்டும். மருந்து உண்பவர் விசுவாசத்தில் குறைந்தவரல்லர் என்று பிரசங்க பீடத்திலிருந்தே கூறவேண்டும். காவல் காத்துக் களைத்த தாய்க்கு வாரத்தில் ஒரு பிற்பகலேனும் ஓய்வு கிடைக்கச் சபையார் முறைவைத்து உதவவேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதாமல், கடும் மன அழுத்தத்திற்கு உட்பட்டவராகக் கருதவேண்டும் என்று சட்டம் கூறுகிறது. அவ்விதம் இறந்தவரின் அடக்க ஆராதனையில் தயங்கி நிற்கும் திருச்சபை, சட்டத்தைவிட இரக்கத்தில் பின்தங்கியதாகாதா? இவற்றில் சாதியும் குறுக்கிடும். ஊரின் ஒருபகுதித் தெருக்களோடு நின்றுவிடும் சந்திப்பை உறவு என்று அழைக்கமுடியாது.

இறையியல் மாணவர் மாற்கு 5ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசிக்கையில் ஒன்றைக் கவனிக்கலாம். முடிவில் நலமடைந்தவன் ஒருவனே. ஊரோ இயேசுவைத் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டது. அவ்வூருக்குள்தான் அவன் திருப்பி அனுப்பப்பட்டான். அவனுக்காக எந்த வீட்டுக் கதவு திறந்தது என்பதை நற்செய்தியாளர் எழுதவில்லை. அக்கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பு திருச்சபையுடையது.