பில்கீஸின் பெயரில் ஓர் அகழி

நைஜீரியாவின் தென்மேற்கில் யோரூபா மக்களின் தொன்மைத் தலங்களைக் காண வருவோருக்கு, இஜெபு-ஓதே நகரை அடுத்த ஓக்கே-எரி என்னும் சிற்றூரில் ஓர் அடக்கத்தலம் காட்டப்படுகிறது. பிலிகிசு சுங்போ என்னும் பெருமாட்டியின் கப்ர் அது என்பர். அத்துடன் நில்லாமல், நபி ஸுலைமான் (அலை) அவர்களைக் காணச் சென்ற ஸபா நாட்டரசி பில்கீஸ் இவரே என்றும் கூறுவர். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் அங்கு ஜியாரத்துக்காகத் திரளுகின்றனர்.

அவ்வட்டாரத்தின் உண்மையான அதிசயம் வேறொன்று. அதுதான் காடு மூடிக் கிடக்கும் 'சுங்போவின் எரேதோ' என்னும் மண்ணரணும் அகழியும். அதன் சுற்றளவு ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சிவரை அளந்தால் சில இடங்களில் 20 மீட்டரை எட்டும். இரும்புக் கருவிகளையும் கைகளையும் கொண்டே செம்மண்ணை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேறற்ற செல்வக் கைம்பெண் ஒருத்தி தன் பெயர் நிலைக்க எழுப்பியது இது என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி.

இப்பெண்மணி ஸபா அரசியே என்ற கூற்றை முஸ்லிம் உள்ளம் விரும்பி ஏற்கும். அதனாலேயே நாம் அதைக் கூடுதல் கண்டிப்புடன் உரசிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். திருக்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயம் ஹுத்ஹுத் கொணர்ந்த செய்தியையும், அரசியின் அரியணையையும், அவர் இறைவனுக்குப் பணிந்ததையும் விவரிக்கிறது. அவர் பெயரை அது சொல்லவில்லை. அடக்கமான இடத்தையும் சொல்லவில்லை. ஸபா நாட்டின் தோட்டங்களையும் அணை உடைந்த வெள்ளத்தையும் பேசும் மற்றோர் அத்தியாயம், அறிஞர்களின் கருத்தை யமன் நாட்டு மஃரிபுக்கே இட்டுச் செல்கிறது. காலக் கணக்கும் ஒத்துவரவில்லை. ஸுலைமான் நபியின் காலம் கி.மு. பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது. எரேதோவுக்கு அகழ்வாய்வாளர் முதலில் கூறிய காலம் கி.பி. முதல் ஆயிரமாண்டின் இறுதி. பிந்தைய ஆய்வுகளோ அதை 14ஆம் நூற்றாண்டு வரை இறக்குகின்றன. எப்படிப் பார்த்தாலும் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டு இடைவெளி எஞ்சுகிறது.

ஒரு நல்ல கதையால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். நட்டம் அம்மண்ணின் மக்களுக்குத்தான். 1910ஆம் ஆண்டு ஜெர்மானியர் லியோ ஃப்ரோபீனியஸ் இஃபே நகரில் நேர்த்திமிக்க தலைச் சிற்பங்களைக் கண்டார். ஆப்பிரிக்கர் இவற்றைச் செய்திருக்க இயலாது என்று எண்ணி, கிரேக்கர் சொன்ன அட்லாண்டிஸின் எச்சம் என்று எழுதினார். 1938இல் அதே நகரில் வீடு கட்ட மண் தோண்டியபோது உலோகத் தலைகள் பல வெளிப்பட்டன. அவ்வாதம் அடிபட்டுப் போயிற்று. எரேதோவை ஸபாவுக்குத் தாரை வார்ப்பவர் பக்தியினால் செய்தாலும், ஃப்ரோபீனியஸ் அகந்தையினால் செய்ததையே செய்கிறார். இஜெபு உழைப்பாளியின் கையிலிருந்து அவன் படைப்பு பறிக்கப்படுகிறது.

உண்மையைச் சொல்வதால் தலத்தின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற அச்சம் வீணானது. ஒசோக்போ நகரின் ஒசுன் புனிதக் காட்டைப் பாருங்கள். சுமார் 75 ஹெக்டேர் பரப்புள்ள அக்காட்டில் வருவோரை மலைக்க வைக்கும் சிற்பங்கள் பலவும் தொன்மையானவை அல்ல. 1950இல் நைஜீரியா வந்த ஆஸ்திரியக் கலைஞர் சுசான் வெங்கரும் உள்ளூர்க் கைவினைஞர்களும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் சமைத்தவை. இது எவருக்கும் மறைபொருள் அன்று. 2005இல் யுனெஸ்கோ அக்காட்டை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, இப்புதுக் கலையையும் அதன் சிறப்பாகவே கணக்கில் கொண்டது. அங்குள்ள வழிபாட்டுக் கொள்கை நமது தவ்ஹீதுக்கு உடன்பாடானதன்று. அது வேறு விவாதம். தன் வயதை ஒளிக்காத நேர்மை அத்தலத்திடம் உண்டு.

அப்படியானால் ஓக்கே-எரியில் இஸ்லாமியச் சுவடு எதுவுமே இல்லையா? உண்டு, அது பெயரில் இருக்கிறது. பில்கீஸ் என்னும் பெயர் குர்ஆனில் இல்லாதது என்றோம். அது தபரீ போன்ற வரலாற்றாசிரியர்களும் முஃபஸ்ஸிர்களும் பதிவு செய்து பரப்பிய பெயர். யோரூபாவினர் இஸ்லாத்தை 'எசின் இமாலெ' என்று அழைப்பர்; மாலி நாட்டு மார்க்கம் என்று அதற்குப் பொருள் கூறப்படுகிறது. வணிகர்களும் ஆலிம்களும் வந்த அந்நெடுவழியில் தஃப்ஸீர் வகுப்புகளின் கதையும் உடன் வந்து, ஒரு காட்டூர்க் கைம்பெண்ணின் பெயரோடு ஒட்டிக்கொண்டது என்றே நாம் கருதுகிறோம். ஒரு கல்வி மரபின் பயணத்துக்கு இதைவிட அழகிய சான்று வேண்டுமோ? வழிகாட்டி சொல்ல வேண்டிய கதை இதுதான்.

ஐயத்துக்கிடமற்ற சின்னம் தேடுவோர் லாகோஸ் செல்லட்டும். சியரா லியோனில் பிறந்த யோரூபா வணிகர் முஹம்மது ஷிட்டா கட்டிய பள்ளிவாசல் 1894இல் அங்குத் திறக்கப்பட்டது. அதைச் சமைத்தவர் பிரேசிலிலிருந்து திரும்பியோர் மரபைச் சேர்ந்த ஜோவா பாப்டிஸ்டா டா கோஸ்டா. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் சார்பில் லிவர்பூலின் அப்துல்லாஹ் குவில்லியம் வந்து, ஷிட்டாவுக்கு 'பே' என்ற பட்டத்தை அளித்தார். ஷிட்டா-பே பள்ளி என்றே அது இன்றும் வழங்குகிறது.