நாற்பது வரிகளில் ஒரு லட்சம் கோடி

கண்டிப்பான முடிவுறுவாதி முடிவிலியை மறுப்பதோடு நிற்பதில்லை. மனிதரால் எண்ணிச் சென்று அடைய முடியாத எண்ணையும் அவர் ஏற்கமாட்டார். சோவியத் கணிதவியலர் எசேனின்-வோல்பின் இந்தப் பக்கத்தின் பெயர்பெற்ற வழக்கறிஞர். எதிர்ப்பக்கத்தில் மெய்யியலர் மைக்கேல் டம்மெட். இந்த நிலைப்பாடே முரணானது என்று 1975-இல் வெளியான ‘வாங்கின் புதிர்’ கட்டுரையில் அவர் வாதிட்டார்.

அவர் வாதத்தை இப்படிச் சுருக்கலாம். 0 கைக்கெட்டும் எண். ஓர் எண் எட்டினால் அடுத்ததும் எட்டும். ஆனால் ஒரு பெரிய எண், எடுத்துக்காட்டாக 2-இன் 40-ஆம் அடுக்கு, அதாவது ஒரு லட்சம் கோடிக்குச் சற்று மேல், எட்டாது. மூன்றும் சேர்ந்து நிற்குமா?

“முரண்பாட்டை எழுதிக் காட்டுங்கள்” என்பார் முடிவுறுவாதி. 0-இலிருந்து ஒவ்வோர் எண்ணாக ஏறி, நொடிக்கு ஒரு வரி எழுதினாலும் முப்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அவ்வளவு நீண்ட நிறுவல் அவர் கணக்கில் நிறுவலே அல்ல. இது வெறும் வாய்ச்சாமர்த்தியம் இல்லை. வழக்கமான எண்கணிதத்தோடு இத்தகைய கூற்றுகளைச் சேர்த்தாலும் கைக்கெட்டும் நீளத்துக்குள் முரண்பாடு வராது என்று தருக்கவியலர் ரோஹித் பரீக் 1971-இல் நிறுவியிருக்கிறார்.

முடிவுறுவாதத்தை ஆதரிப்பவர்கள் வழக்கமாக இங்கே வெற்றி முழங்குவார்கள். ஆனால் பரீக்கின் தேற்றத்தில் எட்டாத எண் என்பது அடுக்கின் மேல் அடுக்காக உயரும் ஒரு கோபுரம். நம் எண் அதன் காலடிக்குக்கூட வராது. நம் எண்ணுக்கோ குறுக்குவழி உண்டு.

எட்டும் எண் எதனோடு கூட்டினாலும் விடையும் எட்டுமானால், அப்படிக் கூட்டப்படும் எண்ணைப் ‘பத்திரமானது’ என்போம். 1 பத்திரமானது, இரண்டாம் கூற்று சொல்வதே அதுதான். பத்திரமான எண்ணை இருமுறை கூட்டலாம் என்பதால் அதன் இருமடங்கும் பத்திரமானது. நாற்பது முறை இரட்டித்து, 0-உடன் கூட்டினால் முரண்பாடு கையில். ஒரு தாளில் அடங்கிவிடும். ‘ஒரு கூற்று மெய், அல்லது அதன் மறுப்பு மெய்’ என்ற விதியை ஏற்காத பிரௌவர் வழித் தருக்கத்துக்குள் ஒளிந்தாலும் பயனில்லை, இந்த வாதம் அங்கேயும் செல்லும். இதில் வேடிக்கை, இதே வகை உத்தியைத் தொகுத்தறிதலையே சந்தேகித்த கணிதவியலர் எட்வர்ட் நெல்சன் தம் 1986 நூலில் தாராளமாகக் கையாண்டிருக்கிறார்.

ஆகவே டம்மெட் சொன்ன முழுத் தண்டனை செல்லாது. முழு விடுதலையும் இல்லை. எல்லையைப் பரீக்கின் கோபுர உயரத்துக்குக் கொண்டுபோனால் கொள்கை முரணின்றி நிற்கும். ஆனால் அங்கே எந்த மனிதரும் எண்ணிச் செல்லப்போவதில்லை. மனித அளவிலேயே எல்லை வேண்டும் என்பவர், எட்டும் எண்ணுக்கெல்லாம் அடுத்ததும் எட்டும் என்பதைக் கைவிட வேண்டும். அல்லது ‘இதனால் அது, அதனால் அது’ என்று கோத்துக்கொண்டே போகும் உரிமையைத் துறக்க வேண்டும். இரண்டில் எதை என்று வோல்பின் வழியினர் தெளிவாகச் சொல்லும்வரை, அந்த மனித அளவு வடிவத்தை நான் ஏற்கமாட்டேன்.