பார்த்திபன் கனவு: கப்பம் கட்டும் நாட்டின் அரசியல்

பார்த்திபன் கனவு கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி எழுதிய முதல் வரலாற்று நாவல். 1941-ல் தொடங்கப்பட்ட கல்கி இதழில் தொடராக வெளிவந்தது. பொ.யு. 7-ஆம் நூற்றாண்டில், காஞ்சியைத் தலைநகராகக் கொண்ட பல்லவப் பேரரசுக்கும் அதற்குக் கப்பம் கட்டிய உறையூர்ச் சோழ நாட்டுக்கும் இடையிலான உறவு இதன் கரு. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் வரலாற்று மனிதன். பார்த்திபன், அவன் மகன் விக்கிரமன், பல்லவ இளவரசி குந்தவி ஆகியோர் கற்பனை மாந்தர். விடுதலை வேட்கையின் கதையாகவே இந்நாவல் பெரிதும் வாசிக்கப்பட்டுள்ளது. அடங்கிய நாட்டுக்குள் இருந்த பிளவை இது எப்படிக் கையாண்டது என்பது தனியே ஆராயத்தக்கது.

எழுதப்பட்ட சூழல்

கல்கி 1941-ல் ஆனந்த விகடனை விட்டு விலகித் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். விடுதலையான பின் சதாசிவத்துடன் இணைந்து கல்கி இதழைத் தொடங்கினார். அவ்விதழில் வந்த கதையில் 'கப்பம் கட்டமாட்டேன்' என்று ஓர் அரசன் சொல்வது அன்றைய வாசகர்களுக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்பது வெளிப்படை. நாவலின் வேகத்துக்கும் புகழுக்கும் அந்தக் காலப் பொருத்தம் முக்கியக் காரணம். 1960-ல் டி. யோகானந்த் இயக்கத்தில் இது திரைப்படமாகவும் வந்தது.

கதையில் பிளவு

பார்த்திபன் கப்பம் கட்ட மறுக்கிறான். வெண்ணாற்றங்கரையில் பல்லவரின் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்கொண்டு மாய்கிறான். சோழ நாடு சுதந்திர நாடாகிக் கடல் கடந்தும் புலிக்கொடி பறக்க வேண்டும் என்பது அவன் சித்திரங்களாகத் தீட்டி வைத்திருந்த கனவு. மகனை வீரனாக வளர்க்கும் பொறுப்பைப் போர்க்களத்தில் ஒரு சிவனடியாரிடம் ஒப்படைக்கிறான். அச்சிவனடியார் மாறுவேடத்தில் இருக்கும் நரசிம்மவர்மனே என்பது பின்னர் தெரிகிறது.

பார்த்திபனின் தம்பி முறையுள்ள மாரப்ப பூபதி போரில் சேராமல் விலகி நின்றவன். விக்கிரமன் புலிக்கொடி ஏற்றத் திட்டமிடும்போது உடன் இருப்பதுபோல் நடித்துக் காட்டிக்கொடுக்கிறான். அதற்கு ஈடாகச் சோழ நாட்டின் அதிகாரத்தையும் குந்தவியையும் எதிர்பார்க்கிறான். இறுதியில் காபாலிகர்களோடும் சேர்கிறான். விக்கிரமன் கப்பம் கட்டி ஆள உடன்படாததால் நாடு கடத்தப்பட்டுச் செண்பகத் தீவின் அரசனாகிறான். திரும்பி வந்தவனுக்கு நரசிம்மவர்மன் தன் மகளையும் தந்து, சோழ நாட்டைச் சுதந்திர நாடாகவும் அறிவிக்கிறான்.

மூன்று வழிகள்

பேரரசுக்கு அடங்கிய ஒரு நாட்டின் முன் மூன்று வழிகள் இருந்தன. எதிர்த்து அழிவது முதல் வழி. பேரரசன் மனம் இரங்கித் தருவதைப் பெறுவது இரண்டாவது. கப்பம் கட்டிக்கொண்டே படை பெருக்கி, மண உறவுகளைச் சேர்த்து, காலம் பார்த்திருப்பது மூன்றாவது. நாவல் முதல் வழியைப் பார்த்திபனுக்கும் இரண்டாவதை விக்கிரமனுக்கும் தருகிறது. மூன்றாவதைப் பேசக்கூடிய இடத்தில் இருப்பவன் மாரப்பன் மட்டுமே. அவனைப் பேராசைக்காரனாகவும் கோழையாகவும் ஆக்கியதன் மூலம் அந்த வழி விவாதத்துக்கே வராமல் போகிறது.

நாவலின் முதன்மையான குறை இதுதான். வெல்ல முடியாத போரில் ஒரு தலைமுறை இளைஞர்களைக் களத்துக்கு அனுப்பலாமா என்ற கேள்வி எந்தச் சிற்றரசிலும் எழுந்திருக்கும். அதைக் கேட்பவர் எல்லாரும் துரோகியாக இருக்க வேண்டியதில்லை. மாரப்பனிடத்தில் நாட்டின்மேல் அக்கறை கொண்ட ஓர் அமைச்சரையோ படைத்தலைவரையோ கல்கி நிறுத்தியிருந்தால், உறையூரின் பிளவு குடும்பப் பகையாகச் சுருங்காமல் அரசியல் பிளவாக வளர்ந்திருக்கும்.

மக்களின் இடம்

தோணிக்காரன் பொன்னனும் அவன் மனைவி வள்ளியும் நாவலின் உயிரோட்டமுள்ள பாத்திரங்கள். பேச்சிலும் குறும்பிலும் அரச மாந்தரைவிட இயல்பானவர்கள். ஆனால் அவர்களுடைய பற்று அரச குடும்பத்தின் மீதான பற்றாகவே நின்றுவிடுகிறது. கப்பம் எந்த ஊரின் களத்திலிருந்து எடுக்கப்பட்டது, அது நின்றபோது உழவருக்கு என்ன மாறியது, பல்லவ அதிகாரி வந்தபின் ஊரார் எப்படி நடத்தப்பட்டனர் என்பவற்றுக்கு நாவலில் இடமில்லை. கப்பம் இங்கு அரசனின் மானம் சார்ந்த ஒன்று மட்டுமே. அதனால் விடுதலை வரும்போதும் அது ஓர் அரசன் இன்னோர் அரசனுக்கு அளிக்கும் மணச்சீர்போல் வருகிறது.

வரலாற்றில் அடங்கிய சோழ நாடு

7-ஆம் நூற்றாண்டுச் சோழரைப் பற்றிக் கிடைக்கும் சான்றுகள் குறைவு. கிடைப்பவை நாவலைவிடச் சிக்கலான நிலையைக் காட்டுகின்றன. திருச்சி மலைக்கோட்டையின் மேல் குடைவரையில் உள்ள முதலாம் மகேந்திரவர்மனின் கல்வெட்டு, தரையில் உள்ள கோயிலிலிருந்து சோழ நாட்டையும் காவிரியையும் எப்படிக் காண்பது என்று சிவன் கேட்டதாகவும், அதற்காக மலைமேல் கோயில் அமைத்ததாகவும் கூறுகிறது. உறையூருக்கு மிக அருகில், அந்நாட்டைக் குனிந்து பார்க்கும் உயரத்தில் பேரரசு தன் கோயிலை நிறுவியது.

மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் சோழரையும் கேரளரையும் களப்பிரரையும் பாண்டியரையும் பலமுறை வென்றதாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. பலமுறை வெல்ல வேண்டியிருந்தது என்பதே, இந்நாடுகள் ஒருமுறை தோற்று அடங்கிவிடவில்லை என்பதற்குச் சான்று. மறுபுறம் சோழ குலத்து மங்கையர்க்கரசியார் பாண்டியன் நெடுமாறனின் அரசியானதைப் பெரிய புராணம் வழி அறிகிறோம். காஞ்சிக்கு அடங்கிய சோழர் மதுரையோடு மண உறவு வைத்திருந்தனர்.

கூரம் செப்பேடு நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசியைப் புறங்காட்ட வைத்த இடங்களில் ஒன்றாக மணிமங்கலத்தைக் குறிக்கிறது. இவ்வூர் இன்றைய ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில், வல்லக்கோட்டை முருகன் கோயிலிலிருந்து தொலைவில்லாத இடத்தில் உள்ளது. பேரரசின் தலைநகருக்கு மிக அருகிலேயே எதிரிப் படை வந்து நின்றது என்பது இதன் பொருள். காஞ்சியின் வலிமை நாவல் காட்டும் அளவுக்கு அசைக்க முடியாததாக இல்லை.

நரசிம்மவர்மனுக்குப் பின் நிலை மேலும் மாறியது. பொ.யு. 674-ல் வெளியிடப்பட்ட கத்வால் செப்பேடு, சாளுக்கிய மன்னன் முதலாம் விக்கிரமாதித்தன் காவிரியின் தென்கரையில் உரகபுரத்தில் பாசறை அமைத்திருந்ததைக் கூறுகிறது. உரகபுரம் என்பது உறையூர் என்றே அறிஞர் கொள்வர். நாவலில் விக்கிரம சோழன் சுதந்திரமாக ஆண்டிருக்கக்கூடிய அதே தலைமுறையில், உறையூர் இரு பேரரசுகள் மோதும் களமாக இருந்தது. பேரரசன் அளிக்கும் சுதந்திரம் அவன் காலத்துக்குப் பின் நிற்குமா என்ற கேள்வியை நாவல் எழுப்பவில்லை.

சோழர் எழுந்த வழி

பார்த்திபனின் கனவு 300 ஆண்டுகளுக்குப் பின் இராசராசன், இராசேந்திரன் காலத்தில் நனவாயிற்று என்று நாவல் முடிகிறது. இடைப்பட்ட காலத்தில் நடந்தது நாவல் ஒதுக்கிய மூன்றாவது வழிதான். 9-ஆம் நூற்றாண்டின் நடுவில் விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றினான். அவன் மகன் ஆதித்தன் திருப்புறம்பியம் போரில் பல்லவன் அபராசிதனின் பக்கம் நின்றான். அந்தச் சேவையால் வளர்ந்து, பின்னர் அபராசிதனையே கொன்று தொண்டை மண்டலத்தைக் கைக்கொண்டான். எதிர்த்து மாய்ந்த வீரமோ பேரரசனின் பெருந்தன்மையோ இதில் பங்கு வகிக்கவில்லை. பணிந்து நின்று காத்திருந்தவர்கள் வென்றனர்.

அதன் விளைவைத் தொண்டை மண்டலத்தின் மண்ணிலேயே காணலாம். இராசராசன் காலத்தில் அப்பகுதி செயங்கொண்ட சோழ மண்டலம் எனப் பெயர் மாறியது. பல்லவனின் வெற்றிக்களமான மணிமங்கலத்தின் கோயிலில் முதலாம் இராசாதிராசன், வீரராசேந்திரன் ஆகிய சோழ மன்னரின் கல்வெட்டுகள் உள்ளன. கப்பம் வாங்கிய நாடு கப்பம் கட்டியவரின் மாகாணமாயிற்று.

பொன்னியின் செல்வனுடன் ஒப்பீடு

நாடு விடுதலை பெற்றபின் 1950-ல் கல்கி தொடங்கிய பொன்னியின் செல்வனில் இக்குறை பெருமளவு நீங்கியிருக்கிறது. அங்கே சிற்றரசர் இரு அணியாகப் பிரிகின்றனர். பழுவேட்டரையரும் சம்புவரையரும் கண்டராதித்தரின் மகனுக்கே அரியணை உரியது என்கின்றனர். கொடும்பாளூர் வேளிரும் திருக்கோவலூர் மலையமானும் சுந்தர சோழரின் மக்கள் பக்கம் நிற்கின்றனர். முதல் அணியின் வாதத்தில் நியாயம் உண்டு. பெரிய பழுவேட்டரையர் சதியில் ஈடுபட்டவராயினும் போர்த்தழும்பு ஏற்றவர், தன் பிழையை உணர்ந்து மாய்பவர். வாசகர் அவருக்காக வருந்துகிறார். மாரப்பனுக்காக வருந்தும் வாசகர் அரிது.

அயலாட்சி இருந்தபோது எழுதிய நாவலில் மாற்றுக் கருத்து துரோகமாகத் தெரிந்தது. தன்னாட்சி வந்தபின் எழுதியதில் அது மாற்றுக் கருத்தாகவே தெரிகிறது. கல்கியின் வரலாற்று நாவல்களில் நிகழ்ந்த முக்கியமான வளர்ச்சி இது.

மதிப்பீடு

பார்த்திபன் கனவு கச்சிதமான கதையமைப்பும், தொய்வில்லாத ஓட்டமும், சிவனடியாரின் மர்மமும் கொண்ட நல்ல வாசிப்பு நாவல். தமிழில் வரலாற்றுக் கதைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கியதில் இதற்குப் பங்குண்டு. அடிமைப்பட்ட நாட்டின் மானத்தை இது உணர்த்துகிறது. அந்நாட்டின் மக்கள் தமக்குள் எதற்காகப் பிரிந்தனர் என்பதைச் சொல்லவில்லை. பிளவுக்கு ஒரு கெட்டவன் போதும் என்று கொள்ளும் கதைக்குத் தீர்வுக்கு ஒரு நல்ல பேரரசன் போதுமானதாகிவிடுகிறது. விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்ற ஒருவரின் நாவலில் விடுதலை கொடையாக வந்து சேர்வது இந்த எளிமையின் விளைவே.