தண்ணீரையும் பாருங்கள்

கலிபோர்னியாவின் மான்டரே பே மீன்காட்சியகத்தை ரசிக்க எளிய வழி, மீன்களைத் தேடி ஓடாமல் தண்ணீரைக் கவனிப்பது. கட்டடம் நிற்பது பழைய மத்தி மீன் டப்பா ஆலை இருந்த இடத்தில். வரைமுறையில்லாமல் அள்ளியதும் கடலின் மாற்றமும் சேர்ந்து 1950களில் மத்தித் தொழிலைப் படுக்கவைத்தன. இங்கிருந்த ஹோவ்டன் ஆலை மட்டும் 1973 வரை தாக்குப்பிடித்தது. அங்கேதான் 1984 அக்டோபரில், கணினித் தொழிலதிபர் டேவிட் பேக்கர்டு குடும்பத்தின் பணத்தில், இந்தக் காட்சியகம் திறந்தது. ஆலையின் கொதிகலன்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். அவற்றைப் பார்க்காமல் உள்ளே போனால் பாதிக் கதை போய்விடும்.

நிற்க வேண்டிய இடம் கெல்ப் காடு: 28 அடி உயரத் தொட்டி, மேலே கூரை கிடையாது. கெல்ப் என்னும் ராட்சதக் கடற்பாசிக்கு வெயிலும் குளிர்ந்த நீரும் ஓயாத அசைவும் வேண்டும். அந்த அசைவைத் தரும் இயந்திரத்தை வடிவமைத்தவரே பேக்கர்டுதான். (கணினிக்காரர் அலை செய்யக் கிளம்பியது எனக்குப் பிடித்த செய்தி.) நீர் விரிகுடாவிலிருந்து குழாயில் வருகிறது, பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரியப் பகலில் வடிகட்டுகிறார்கள், இரவில் அப்படியே விடுகிறார்கள். அந்த நீரோடு வரும் பாசி வித்துகளும் நுண்குஞ்சுகளும் பாறையில் ஒட்டி வளர்கின்றன. ஆக, அங்கே பல உயிர்கள் யாரும் கொண்டுவந்து வைத்தவை அல்ல. ஒரே ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து மேலே பாருங்கள்: ஒவ்வோர் இலையடியிலும் ஒரு காற்றுப்பை. தண்டை நிமிர்த்திப் பிடிப்பது அதுதான். நீர் தள்ளும்போது எந்த மீன் எதிர்த்து நீந்துகிறது, எது கூடவே ஆடுகிறது என்று கவனித்தால் கால் மணி நேரம் போவதே தெரியாது.

வெளியே நிஜக் கடல் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்கலாம். கரையிலிருந்து பார்ப்பவருக்கு கெல்ப் காடு மேற்பரப்பில் ஒரு பழுப்புப் படலம்தான். சிறைப்படுத்துவது சரியா என்பது இதைவிடக் கனமான கேள்வி. 2004ல் ஓர் இளம் வெண்சுறாவை 198 நாள் வைத்திருந்தார்கள். 2011 வரை மொத்தம் ஆறு. கூட்டம் குவிந்தது உண்மை. ஆனால் பெருங்கடலில் அலைய வேண்டிய விலங்கைத் தொட்டியில் சுற்றவிட்டதை என்னால் ரசிக்க முடியவில்லை. 2011க்குப் பிறகு நிறுத்திவிட்டதும் சரியே. எல்லா உயிருக்கும் அதே தீர்ப்பைச் சொல்ல முடியாது. பாறையோரத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் மீனின் கதை வேறு. கடல்நீர்நாய்களின் கணக்கோ நேர் எதிர்: தாயை இழந்த குட்டிகளை இங்கே வளர்ப்புத் தாய் நீர்நாய்கள் வளர்க்க, பிறகு கடலுக்குத் திருப்பி அனுப்புகிறார்கள். அருகிலுள்ள எல்க்ஹார்ன் கழிமுகத்தில் நீர்நாய்கள் பெருகியதில் பாதிக்கும் மேல் அப்படித் திரும்பியவையும் அவற்றின் வாரிசுகளும் தந்தது என்று 2019ல் வெளியான ஆய்வு கண்டது.